சோம்பல் அல்ல, சோர்வு

எல்லாத் தோட்டத்திலும் அப்படி ஓர் அக்கா இருப்பார். பெரட்டுக்கு முதல் ஆளாக வருவார். நிரையில் பின்தங்கியவளுக்கு இரண்டு பிடி பறித்துப் போடுவார். மேலதிக கிலோ கேட்டால் மறுக்கமாட்டார். சில வருடங்கள் போனதும் அதே அக்கா மலைக்குப் போக மனமில்லாமல் லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார். அப்போது நாமே சொல்கிறோம்: "முந்தி மாதிரி இல்லை, சோம்பேறியாகிவிட்டாள்."

இந்தப் பேச்சை நாம் நிறுத்த வேண்டும். தீராமல் நீடிக்கும் வேலை அழுத்தமே இந்தச் சோர்வுக்குக் காரணம் என்று உலக சுகாதார ஸ்தாபனம் 2019 இல் விளக்கியது. உடலும் மனமும் வற்றிப்போவது, வேலை மீது வெறுப்பு, எதைச் செய்தும் பயனில்லை என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அதன் அடையாளங்கள். அதை நோய் என்று அந்த ஸ்தாபனம் சொல்லவில்லை. தொழிலோடு வரும் பிரச்சினை என்றே சொன்னது. அப்படியானால் மருந்தும் தொழில் செய்யும் இடத்தில்தான் இருக்க வேண்டும்.

சுபாவத்துக்கும் இதில் பங்குண்டு. "முடியாது" என்று சொல்லத் தெரியாதவர்களும் கெட்ட பெயருக்குப் பயப்படுகிறவர்களும்தான் முதலில் வற்றிப்போகிறார்கள். எதற்காகப் பறிக்கிறோம் என்பதும் முக்கியம். மகளை உயர்தரம் படிக்க வைக்கும் ஆசையோடு பறிப்பதும், அரைப்பேர் விழுந்துவிடும் என்ற பயத்தில் பறிப்பதும் ஒன்றல்ல. நிறுவையில் கிலோ ஒன்றாக இருக்கலாம்; மனதில் பாரம் வேறு.

ஆனால் சுபாவத்தை மட்டும் குறை சொன்னால் நிர்வாகத்துக்கே வசதி. நாட்சம்பளம் 2021 இல் 1000 ரூபாவாகவும் 2024 இல் 1350 ரூபாவாகவும் உயர்ந்தது. சம்பளம் கூடும்போதெல்லாம் கிலோவும் கூட்டப்பட்டால், கையில் வந்ததை உடம்பு திருப்பிக் கொடுக்கிறது. கெட்டிக்காரியின் கிலோவைக் காட்டி மற்றவர்களை விரட்டினால், அவளும் ஓய்கிறாள், மற்றவர்களும் ஓய்கிறார்கள்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். கொழுந்து குறைந்த காலத்துக்கும் காடேறிய மலைக்கும் ஏற்றபடி கிலோவைக் குறைத்து நிர்ணயிக்க வேண்டும். தேநீர் நேரத்தைப் பறிக்கக்கூடாது. மலையில் மலசலகூடமும் மழைக்கு ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் அடுத்த பேச்சுவார்த்தையில் இவற்றை முன்வைக்க வேண்டும்.

நமக்குள்ளும் ஒரு வேலை இருக்கிறது. அந்த அக்கா நாளைக்குப் பெரட்டுக்கு வராவிட்டால், ஏன் வரவில்லை என்று பேசாமல், அவர் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறது என்று கேட்போம். சங்கம் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது.