ஊசி போட்டால்தான் வைத்தியமா?

கொஞ்சம் நீளமான பதிவு. கோபத்தோடுதான் எழுதுகிறேன். முழுதாகப் படியுங்கள்.

டாக்டரை எடைபோட நம்மில் பலரிடம் இருப்பது ஒரே அளவுகோல். ஊசி போட்டால் கைராசிக்காரர். வெறும் மாத்திரை எழுதினால் ஒன்றும் தெரியாதவர். "ஒரு ஊசி போட்டு விட்டுடுங்க சார்" என்று நாமே கேட்கிறோம். மறுத்தால், போடுகிறவரைத் தேடி அடுத்த தெருவுக்குப் போகிறோம். பிறகு "காசு பிடுங்குறாங்க" என்று புலம்புவது என்ன நியாயம்?

மருந்து உடம்புக்குள் போகும் வழிகளில் உயர்ந்தது தாழ்ந்தது கிடையாது. நோயும் மருந்தும்தான் வழியை முடிவு செய்கின்றன. இன்சுலின் ஒரு புரதம். விழுங்கினால் நாம் சாப்பிட்ட பருப்பைப் போல அதுவும் செரித்துவிடும். அதனால் ஊசி. பாம்புக்கடிக்குக் காத்திருக்க நேரமில்லை. அதனால் நேராக ரத்தக் குழாயில். ஆனால் விழுங்க முடிகிற ஒருவருக்குச் சாதாரணக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் மாத்திரை போதும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் வேலை செய்யத் தொடங்கிவிடும். அந்தப் பொறுமை இல்லாமல் இடுப்பில் குத்திக்கொண்டு, சீழ்க்கட்டியும் கால் நரம்புப் பாதிப்பும் வாங்கி வருபவர்கள் உண்டு. 2018ல் உத்தரப் பிரதேசத்தின் உன்னாவ் மாவட்டத்தில் பலருக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. ஒரே ஊசியைத் திரும்பத் திரும்பப் போட்டதாக ஒரு போலி வைத்தியரைக் கைது செய்தார்கள்.

"அசதியா இருக்கு, ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திக்கலாம்" என்பது அடுத்த கூத்து. 500 மி.லி. பாட்டில், 5 சதவீதக் குளுக்கோஸ். வகுப்பில் சொல்லிக்கொடுத்த சதவீதக் கணக்குதான், போட்டுப் பாருங்கள். 25 கிராம்! ஐந்தாறு தேக்கரண்டிச் சர்க்கரை, மீதி தண்ணீர்.

1971ல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா. டிரிப் பாட்டில்கள் தீர்ந்துபோயின. டாக்டர் திலீப் மகலனபிஸ் உப்பு, குளுக்கோஸ், சோடா உப்பு கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்தார். சுமார் 30 சதவீதமாக இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. குடலில் குளுக்கோஸ் உப்பை உள்ளே அழைத்துப் போகிறது. உப்பின் பின்னாலேயே தண்ணீர் போகிறது. அவ்வளவுதான் சூட்சுமம். இன்றும் அந்த ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தை மதிக்க நமக்கு மனம் வரவில்லை.

எனக்கு அதிகம் வலிப்பது இன்ஹேலர் விஷயம். போன மாதம் நம் சொந்தத்திலேயே, "பம்ப் வெச்சா பழகிடும்" என்று டாக்டர் கொடுத்ததைப் பரணில் போட்டுவிட்டு, மூச்சுத் திணறும் குழந்தையோடு நள்ளிரவில் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பெயர் சொல்லவில்லை. படிக்கும்போது அவர்களுக்கே தெரியும். சால்பூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம். பம்பில் ஓர் அழுத்தத்துக்கு 100 மைக்ரோகிராம். நாற்பதில் ஒரு பங்கு! நேராக நுரையீரலுக்குப் போவதால் அந்தத் துளி போதும். எது உடம்புக்கு நல்லது? நீங்களே சொல்லுங்கள்.

"ஊசி போட்டதும் தெம்பு வருதே சார்" என்பீர்கள். என்ன மருந்து என்று என்றைக்காவது கேட்டீர்களா? ஸ்டீராய்டு போட்டாலும்தான் தெம்பு வரும். நோய் அப்படியே உள்ளே இருக்கும்.

இனி டாக்டரிடம் "ஊசி போடுங்க" என்று கேட்காதீர்கள். "இதை வாயால் சாப்பிட முடியாதா?" என்று கேளுங்கள். அட்டையில் எஸ்.ஆர். என்று போட்டிருக்கும் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்காதீர்கள். நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைய வேண்டியது ஒரேயடியாக இறங்கிவிடும்.

கேள்வி கேட்கத்தானே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன்? மறுப்பு இருந்தால் கீழே எழுதுங்கள். பதில் சொல்கிறேன்.