ஏரிக்கு 24 அடி... உடம்புக்கு எத்தனை கிலோமீட்டர்?

செம்பரம்பாக்கம் ஏரியின் முழு உயரம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. ஆனால், நீர்வரத்து எகிறும்போது '24 அடி ஆகட்டும், பார்த்துக்கொள்ளலாம்' என்று இருக்க முடியாது. 2020 நவம்பரில் நிவர் புயல் வந்தபோது 22 அடியிலேயே மதகைத் திறந்துவிட்டார்கள். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரை பட்ட பாடு அப்படி! எல்லையைத் தொட்ட பிறகு யோசிப்பது எவ்வளவு ஆபத்து என்று மேற்குச் சென்னைக்காரர்களுக்குத் தனியாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம் உடம்புக்கும் அப்படி ஓர் அளவு உண்டு. சிக்கல் என்னவென்றால், உடம்பில் அளவுகோல் வெளியே தெரிவதில்லை.

இப்போது பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் பக்கமெல்லாம் விடியற்காலையில் ஓடுகிறவர்கள் அதிகம். நல்ல விஷயம்தான். முதலில் 5 கிலோமீட்டர், பிறகு 10, அடுத்து அரை மாரத்தான், அதன் பின் 42.195 கிலோமீட்டர் முழு மாரத்தான். அதையும் தாண்டியவர்களுக்கு அடுத்த ஆசை, 'அல்ட்ரா மாரத்தான்'. முழு மாரத்தானைவிட நீளமான எந்த ஓட்டமும் அல்ட்ராதான். 50, 100, 161 கிலோமீட்டர் என்று வகைகள் உண்டு. தென்னாப்பிரிக்காவில் 1921 முதல் நடக்கும் 'காம்ரேட்ஸ்' ஓட்டம் சுமார் 90 கிலோமீட்டர். செம்பரம்பாக்கத்திலிருந்து காஞ்சிபுரம் வரை ஓடி, அப்படியே திரும்பியும் ஓடி வருவதாக நினைத்துக்கொள்ளுங்கள்!

வரவு எட்டணா, செலவு பத்தணா

60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 60 கலோரி செலவாகும். 100 கிலோமீட்டருக்கு 6,000 கலோரி. உடம்பு மாவுச்சத்தாகச் சேமித்து வைத்திருப்பதோ சுமார் 2,000 கலோரிதான். 'ஓடிக்கொண்டே சாப்பிட்டால் போயிற்று' என்று தோன்றும். ஆனால், ஓடும்போது ரத்தம் கால்களுக்கும் தோலுக்கும் போய்விடுவதால் குடலுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. மணிக்கு 60 முதல் 90 கிராம் மாவுச்சத்துக்கு மேல் குடல் ஏற்காது. அதற்கு மேல் திணித்தால் வாந்திதான். மிச்சத்தைக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும்.

2015-ல் அமெரிக்காவைக் குறுக்காக ஓடிக் கடந்த சிலரை விஞ்ஞானிகள் ஆராய்ந்தார்கள். வாரத்துக்கு ஆறு மாரத்தான், மாதக்கணக்கில் ஓட்டம். 2019-ல் முடிவு வந்தது. சும்மா படுத்திருந்தால் செலவாகும் சக்தியைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் எந்த மனித உடம்பாலும் நீண்டகாலம் செலவழிக்க முடியாது என்று அவர்கள் கணக்கிட்டார்கள். அதைத் தாண்டினால் உடம்பு தன்னையே தின்னத் தொடங்கும்.

சென்னை வியர்வை காயாது!

வியர்வை வந்தால் உடம்பு குளிராது. வியர்வை காய்ந்தால்தான் குளிரும். சென்னையில் விடியற்காலை ஐந்து மணிக்கு வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். சட்டை நனைந்து சொட்டும், சூடு மட்டும் உள்ளேயே நிற்கும். உடம்பின் உள் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சும் நடையும் தடுமாறினால் அது 'ஹீட் ஸ்ட்ரோக்'. நிமிடங்களில் உயிர் போகலாம்.

இதற்கு அல்ட்ராவே ஓட வேண்டும் என்பதில்லை. 2024-ல் ஜார்க்கண்டில் கலால் காவலர் தேர்வுக்கான 10 கிலோமீட்டர் ஓட்டத்தின்போது பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். காவலர் தேர்வுக்குத் தயாராகும் பிள்ளைகள் உள்ள வீடுகள் மறக்கக் கூடாத செய்தி இது.

தண்ணீரும் ஆபத்தா?

ஆமாம், அளவு மீறினால். 'தாகம் எடுக்கும் முன்பே குடி' என்ற அறிவுரையை நம்பி லிட்டர் லிட்டராகக் குடிப்பவர்களுக்கு ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகிறது. சோடியம் குறைந்தால் மூளை வீங்கும். 2002 பாஸ்டன் மாரத்தானில் 28 வயதுப் பெண் ஒருவர் இதனால் இறந்தார். அதே ஓட்டத்தில் ரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவிகிதம் பேருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக, நீண்ட நேரம் ஓடி, நிறையக் குடிப்பவர்களுக்கே ஆபத்து அதிகம்.

விரல் வீங்கி மோதிரம் இறுகுவது, குமட்டல், தலைவலி, குழப்பம் ஆகியவை அறிகுறிகள். ஓடி முடித்த பின் எடை கூடியிருந்தால், தேவைக்கு மேல் குடித்திருக்கிறார் என்று பொருள். தாகத்துக்குக் குடிப்பதே சரியான அளவு.

வலி மாத்திரை வேண்டாம்

'முழங்கால் வலிக்குது, ஒரு மாத்திரை போட்டுட்டு ஓடிடறேன்' என்பது நிறையப் பேர் செய்யும் தப்பு. பல மணி நேரம் ஓடும்போது தசைநார்கள் சிதைந்து, அதன் கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் ஐபுப்ரோஃபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தையும் குறைத்துவிடுகின்றன. 80 கிலோமீட்டர் ஓடியவர்களிடம் நடந்த ஓர் ஆய்வில், ஐபுப்ரோஃபன் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகப் பாதிப்பு தெரிந்தது. வெற்று மாத்திரை எடுத்தவர்களில் அது மூன்றில் ஒரு பங்குதான். பெரும்பாலோருக்கு இது தானாகச் சரியாகிவிடும். ஆனால், ஓடிய பிறகு சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

'நில்' என்று சொல்வது யார்?

ஒடிசாவின் புதியா சிங்கை நினைவிருக்கிறதா? 2006 மே 2-ம் தேதி, நாலு வயதில், பூரியிலிருந்து புவனேஸ்வரம் வரை 65 கிலோமீட்டரை 7 மணி 2 நிமிடத்தில் ஓடிய சிறுவன். 70 கிலோமீட்டர் ஓடுவதாகத் திட்டம். குழந்தை அதற்கு மேல் முடியாமல் துவண்டுபோனான். பரிசோதித்த மருத்துவர்கள் ஊட்டச்சத்துக் குறைவு, ரத்தசோகை, இதயத்துக்கு அதிகச் சுமை என்று சொன்னார்கள். அவன் நெடுந்தூரம் ஓட அரசு தடை விதித்தது. நாடே கைதட்டியபோது, 'போதும்டா கண்ணா' என்று முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

'அது குழந்தை, பெரியவர்களுக்குத் தெரியாதா?' என்று கேட்கலாம். தெரியாது என்பதுதான் உண்மை. சூடு ஏறினாலும், உப்பு இறங்கினாலும் முதலில் குழம்புவது மூளை. எந்த மூளை 'நிறுத்து' என்று சொல்ல வேண்டுமோ, அதுவே அப்போது வேலை செய்வதில்லை. 'எனக்கு ஒண்ணுமில்லை' என்று சொல்லிக்கொண்டே விழுபவர்கள் உண்டு.

2021 மே 22 அன்று சீனாவின் கான்சு மாகாணத்தில் நடந்த 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் 172 பேர் ஓடினார்கள். திடீரென்று ஆலங்கட்டி மழையும் உறையவைக்கும் காற்றும் வீசியதில் 21 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் அந்நாட்டின் முன்னணி வீரர்களும் உண்டு. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் ஆறு பேரைக் குகைக்குள் கொண்டுபோய்க் காப்பாற்றினார். 'இது ஆகாது' என்று பாதியில் திரும்பிய சிலரும் பிழைத்தார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க

* ஓடும்போது நெஞ்சுவலி, மயக்கம் வந்தவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு உள்ளவர்களும், நாற்பதைத் தாண்டிப் புதிதாகத் தொடங்குபவர்களும் இதயப் பரிசோதனை செய்த பிறகே நெடுந்தூரம் ஓடலாம்.

* காய்ச்சல் இருந்தால் ஓட்டம் கிடையாது. காய்ச்சலோடு ஓடினால் இதயத் தசை பாதிக்கப்படலாம்.

* ஒரு மாரத்தான் முடித்த கையோடு 100 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். தூரத்தை மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும்.

* ஓடுபவர் உளறினால், தள்ளாடினால், பெயரைக் கேட்டால் விழித்தால் உடனே நிறுத்துங்கள். உடம்பு கொதித்தால் நிழலில் படுக்கவைத்துத் தண்ணீரை ஊற்றுங்கள், விசிறுங்கள், ஐஸ் வையுங்கள். 108-க்கு அழைத்துவிட்டு, வண்டி வரும்வரை குளிர்வித்துக்கொண்டே இருங்கள். சுயநினைவு தடுமாறுபவர் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள்.

ஓட்டம் கெட்டது என்று யாரும் பயப்பட வேண்டாம். நாள்தோறும் அரைமணி நேரம் ஓடுபவருக்கு சர்க்கரை, பிபி, மனச்சோர்வு எல்லாம் கட்டுக்குள் இருக்க உதவும். முறையாகப் பழகி 100 கிலோமீட்டரை முடித்துவிட்டு, மறுவாரம் வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் அனுபவசாலிகள் தனியாக ஓடுவதில்லை. கூடவே ஒருவரை அழைத்துப் போகிறார்கள்.

உங்கள் வீட்டில் யாராவது அல்ட்ராவுக்குப் பெயர் கொடுத்திருந்தால் ஷூ, ஜெல், வாட்ச் எல்லாம் வாங்கட்டும். கிளம்பும் முன் ஒரு வாக்கு மட்டும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்: "நீ 'நில்'னு சொன்னா, எத்தனாவது கிலோமீட்டரா இருந்தாலும் நின்னுடறேன்."