பி.டி. பருத்தியால் லாபம் யாருக்கு?

காய்ப்புழுவை எதிர்க்கும் பி.டி. பருத்தி விதையானது விவசாயிக்கு லாபமா, நஷ்டமா என்கின்ற கேள்விக்கு நமது நாட்டில் இரண்டு கூட்டத்தார் பதில் சொல்லிக் கொண்டு வருகிறார்கள். ஒரு கூட்டத்தார், "அது கடவுள் படைப்பில் மனிதன் கை வைத்த பாவம், மண்ணும் மாடும் நாசமாய்ப் போகும்" என்கிறார்கள். மற்றொரு கூட்டத்தார், "அது விஞ்ஞானம், கேள்வி கேட்பவன் மூடன், பொட்டலத்தை வாங்கிப் போடு" என்கிறார்கள். நம்மைப் பொறுத்தவரை இவ்விரண்டும் ஒரே ஜாதிப் பேச்சேயாகும். முன்னவர் பயத்தை விற்கிறார்; பின்னவர் நம்பிக்கையை விற்கிறார். கணக்குக் கேளாதே என்பதே இருவருடைய உபதேசமும். கணக்குக் கேட்பதற்குப் பெயர்தான் பகுத்தறிவு ஆனதால் நாம் அதையே செய்வோம்.

பாவம் என்பவர்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. படைப்பில் கை வைப்பது பாவமானால், காட்டுச் செடியை வயலுக்குக் கொண்டு வந்த அன்றே மனிதன் பாவியாகிவிட்டான். கரிசல் காட்டுக் கருங்கண்ணியைக் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் பொறுக்கித் திருத்தியது எந்தக் கடவுள்? கம்போடியாப் பருத்தி எந்த வைகுண்டத்திலிருந்து வந்தது? பெயரே சொல்லுகிறதே! காய்ப்புழுவும் அவர் படைப்புத்தானே? அதற்கு மருந்தடிக்கிறவர்களெல்லாம் நரகத்துக்கா போகிறார்கள்?

இனி விஞ்ஞானத்தின் பேரால் வியாபாரம் செய்கிறவர்களிடம் வருவோம். விஷயம் இதுதான். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிர் உண்டாக்குகின்ற புரதம் சிலவகைப் புழுக்களின் குடலை அரித்துக் கொல்லுகிறது. அந்தப் புரதத்தைச் செடியே உண்டாக்கும்படி செய்தார்கள். இதில் புரட்டு ஒன்றுமில்லை. மனித அறிவுக்குப் பெருமைதான். 2002 மார்ச்சில் இந்திய சர்க்கார் இதற்கு அனுமதி கொடுத்தது. தமிழ்நாடு உள்பட நான்கு மாகாணங்களில் 2002 முதல் 2008 வரை விவசாயிகளிடம் கணக்கெடுத்த கதாகே, கைம் என்பவர்கள், ஏக்கர் விளைச்சல் 24 சதவீதமும் பருத்தி லாபம் 50 சதவீதமும் கூடியதாக 2012-இல் எழுதினார்கள். அதை நாம் மறுக்கவில்லை.

ஆனால் கதை அத்துடன் முடிந்ததா? 2010-இலேயே குஜராத்தில் இளஞ்சிவப்புக் காய்ப்புழு முதல் விதைக்குப் பணிய மறுத்துவிட்டதாக விதைக்காரக் கம்பெனியே ஒப்புக் கொண்டது. இரண்டு புரதம் வைத்து 2006-இல் வந்த அடுத்த விதைக்கும் சில வருஷங்களில் அதே கதி நேர்ந்தது. புழுவைக் கொல்லும் புரதம் சாறு உறிஞ்சும் பூச்சியை ஒன்றும் செய்யாது. 2015-இல் பஞ்சாபில் வெள்ளை ஈ வந்து பருத்திக் காட்டையே பாழாக்கிற்று. நாகபுரி மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராயிருந்த கிராந்தி என்பவர் ஸ்டோன் என்பவரோடு சேர்ந்து 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சி, விவசாயிகள் பூச்சி மருந்துக்குச் செலவிடும் பணம் பி.டி. வருவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகிவிட்டதாகக் கூறுகிறது. விளைச்சல் கூடியதெல்லாம் பி.டி.யால்தான் என்பதும் சரியன்று. 2004-05-இல் இந்திய சராசரி ஹெக்டேருக்கு 470 கிலோ பஞ்சைத் தொட்டபோது, பி.டி. விதை பருத்தி நிலத்தில் நூற்றுக்கு ஆறு பாகத்தில்கூட இல்லை.

"இது புழுவின் விதி, யார் என்ன செய்ய முடியும்?" என்பார்கள். அமெரிக்காவில் இதே இளஞ்சிவப்புப் புழுவை இதே பி.டி. பருத்தியோடு, புழுவுக்கென்று சாதாரணப் பருத்தியும் ஒதுக்கி நட்டு, மலட்டு அந்துப் பூச்சிகளை ஆகாய விமானத்திலிருந்து இறக்கி, 2018-இல் ஒழித்துவிட்டதாக அந்நாட்டு சர்க்காரே அறிவித்தது. இங்கேயும் ஓரத்தில் நடுவதற்கென்று 120 கிராம் சாதா விதையைப் பொட்டலத்தோடு கொடுத்தார்கள். ஏன், எதற்கு என்று வயலில் வந்து சொல்ல ஆளில்லை; பெரும்பாலோர் நடவில்லை. ஆகவே தோற்றது விஞ்ஞானமல்ல. அதை விவசாயிக்குச் சொல்லிக் கொடுக்காமல் மந்திரம்போல் விற்ற வியாபாரமே தோற்றது.

இந்த வியாபாரத்தின் யோக்கியதையையும் பாருங்கள். ஆரம்பத்தில் 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கும் மேல். ஆந்திர சர்க்கார் 2006-இல் ஏகபோகத் தடுப்புக் கமிஷனிடம் முறையிட்ட பிறகு அது 750 ரூபாயளவுக்கு இறங்கிற்று. விலை பாதியானதும் விதை முளைக்க மறுத்ததா? 2016-இல் மத்திய சர்க்கார் 800 ரூபாய் என்று உச்சவரம்பு கட்டி, அதில் மரபணுவின் சொந்தக்காரர் பங்கு 49 ரூபாய்தான் என்றது. அப்பொழுதும் உலகம் கவிழ்ந்துவிடவில்லை.

மற்றொன்று. வேறு தேசங்களில் பி.டி. பருத்தி பெரும்பாலும் சாதா ரகமாக விற்கப்பட, நம் நாட்டிலோ வீரிய ஒட்டு விதையாகவே விற்கப்பட்டது. ஒட்டு விதையில் விளைந்ததை எடுத்து வைத்து மறுவருஷம் போட்டால் ஒரே சீராக வராது. ஆதலால் வருஷா வருஷம் புரோகிதருக்குத் திதி கொடுப்பதுபோல் வருஷா வருஷம் கம்பெனிக்குத் தட்சணை. 2001-இன் பயிர் ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் விதையை எடுத்து வைக்கவும் மறுபடி விதைக்கவும் விவசாயிக்கு உரிமை உண்டு என்கிறது. கோவில் திறந்திருக்கிறது, ஆனால் கர்ப்பக்கிரகத்துக்குள் போகக்கூடாது என்கின்ற கதைதான் இதுவும். எடுத்து வைக்கத்தக்க பிக்கானேரி நர்மா என்ற சர்க்கார் பி.டி. ரகம் 2009-இல் வந்தது; அதில் கம்பெனியின் மரபணுவே கலந்திருப்பதாகத் தெரிந்து நிறுத்தப்பட்டது. சர்க்கார் செலவில் நடந்த இந்த அலங்கோலத்தின் பலனை அனுபவித்தவர் யார் என்று யோசியுங்கள்.

விருதுநகர் சீமைக்கு இக்கேள்வி வெறும் வாதமல்ல. இங்கே மானாவாரிக் கரிசல் ஏராளம். பி.டி. விதை புழு தின்னும் காயை மிச்சப்படுத்துமேயல்லாது தண்ணீர் தராது. வடகிழக்கு மழை பொய்த்தால் காப்பாற்றக் காயே இராது. விதைக்காசும் உரக்கடைக் கடனும் மாத்திரம் தவறாமல் விளையும். காடு கைவிட்டால் சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கூலி மக்களுக்கு அடுத்த வாசல் பட்டாசுக் கொட்டகை. அச்சங்குளத்தில் 2021 பிப்ரவரி 12-ஆம் தேதி பட்டாசு ஆலை வெடித்துப் பத்தொன்பது பேருக்குக் குறையாமல் மாண்டார்களே, அவர்கள் ஆசைக்கா அங்கே போனார்கள்? அன்றாடக் கூலிக்குத்தானே! நிலத்தில் நிற்க முடியாதவனை நெருப்பில் நிறுத்துகிற ஏற்பாட்டை ஊழ்வினை என்று சொல்லுகிறவன் அயோக்கியன். கேட்டுக் கொண்டிருக்கிறவன் ஏமாளி.

ஆகவே தோழர்களே! விதையைக் கும்பிடவும் வேண்டாம். கண்டு நடுங்கவும் வேண்டாம். மானாவாரியில், நம் மழையில், இந்த விதை என்ன கொடுக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். ரசீதையும் பொட்டலத்தையும் பத்திரமாய் வையுங்கள். சொன்னபடி விளையாவிட்டால் நஷ்டஈடு கேட்க அதே 2001 சட்டம் இடங்கொடுக்கிறது. தனியாள் போனால் துரத்துவார்கள், ஊராய்ப் போங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம் உங்கள் வரிப்பணத்தில் நடக்கிறது. எங்கள் கரிசலுக்கு ஏற்ற, சீக்கிரம் விளைகிற, எடுத்து வைக்கத்தக்க விதை எங்கே என்று அங்கே போய்க் கேளுங்கள். அவ்விதையில் பி.டி. இருந்தாலும் நமக்கு ஆட்சேபணை இல்லை. விஞ்ஞானம் விவசாயியின் வேலைக்காரனாயிருக்க வேண்டுமேயொழிய, கம்பெனியின் பூசாரியாயிருக்கக்கூடாது என்பதே நமது கட்சி.