பெட்டி நிறையப் பணம், பங்குக்கு விலை இல்லை

"கடன் இல்லை, வருஷா வருஷம் லாபம், கையிருப்பும் ஏராளம். ஆனாலும் பங்கு விலை அசைய மாட்டேன் என்கிறது. சந்தைக்குக் கண் இல்லை சார்!" என்று என் வயதுக்காரர்கள் புலம்புகிறார்கள். சந்தைக்குக் கண் நன்றாகவே தெரிகிறது என்பேன்.

செபி விதிப்படி முதலாளி குடும்பம் 75 சதவீதம் வரை வைத்துக்கொள்ளலாம். சின்னக் கம்பெனியில் மிச்சம் 25-ல் தினமும் கைமாறுவது சொற்பம். பெரிய ஃபண்டுக்காரன் உள்ளே வந்தால் வெளியே போக முடியாது. அதனால் வருவதே இல்லை.

அதைவிட முக்கியம் டிவிடெண்ட். பங்குக்கு இருபது ரூபாய் சம்பாதித்து, ஒரு ரூபாயைக் கொடுத்துவிட்டு, பாக்கியை வங்கியில் போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். முதலாளிக்கென்ன? சம்பளமும் கமிஷனும் தனியாக வருகிறது. 2020 முதல் டிவிடெண்டுக்கு வாங்குபவர்தான் வரி கட்ட வேண்டும். அது அவருக்குக் கசக்கிறது. மருந்துக் கடைக்கு நடக்கும் நமக்கோ அந்த ஒரு ரூபாய்தான். நாம் தொட முடியாத பணத்துக்கு வாங்குகிறவன் ஏன் முழு விலை கொடுப்பான்?

பல கம்பெனிகளில் ஆண்டுப் பொதுக்கூட்டம் இப்போது வீடியோவில். மிக்சர் பொட்டலமும் போச்சு! பேசுவதற்கு முன்கூட்டியே பெயர் பதிய வேண்டும். பதியுங்கள், டிவிடெண்ட் ஏன் ஒரு ரூபாய் என்று கேளுங்கள்.