காலுறை போதுமா, கத்தி வேண்டுமா?

காலில் நீலமும் பச்சையுமாகப் புடைத்து நெளியும் ரத்தக் குழாய்களை டாக்டர்கள் ‘வெரிகோஸ் வெயின்’ என்கிறார்கள். நம் வீடுகளில் அதற்குப் பெயர் ‘நரம்பு சுருட்டல்’. பெயரிலேயே ஒரு பயம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நரம்பு என்றதும் கால் விளங்காமல் போய்விடுமோ என்று கலங்குகிறவர்கள் உண்டு. சுருண்டிருப்பது நரம்பு அல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரை. இதனால் வாதம் வராது.

அடுத்த கேள்வி, ஆபரேஷன் வேண்டுமா என்பது. இதில் இரண்டு தரப்பினர் ஏமாறுகிறார்கள். வெறும் புடைப்பைக் கண்டு மிரண்டு, லேசர் விளம்பரத்தை நம்பிக் கடன் வாங்குகிறவர்கள் ஒரு தரப்பு. கணுக்காலில் ஆறாத புண்ணுக்கு ஆண்டுக்கணக்கில் கட்டு மட்டும் போட்டுக்கொண்டு நடப்பவர்கள் மறு தரப்பு. முதல் தரப்புக்குப் பணம் நஷ்டம். இரண்டாவது தரப்புக்குப் பிழைப்பே நஷ்டம்.

காலிலிருந்து ரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். ஒவ்வொரு அடி எடுத்து வைக்கும்போதும் கெண்டைக்கால் தசை சுருங்கி அதைத் தள்ளுகிறது. ஏறிய ரத்தம் கீழே இறங்காமல் சிரைகளுக்குள் இருக்கும் வால்வுகள் தடுக்கின்றன. வால்வு பழுதானால் ரத்தம் பின்னோக்கி வழிந்து தேங்கும், சிரை புடைக்கும். பரம்பரை, வயது, கர்ப்பம், உடல் பருமன் ஆகியவை முக்கியக் காரணங்கள். நெடுநேரம் நிற்பது நிலைமையை மோசமாக்கும். போக்குவரத்துக் காவலர், பஸ் கண்டக்டர், முடிதிருத்துபவர், ஆசிரியை, ஜவுளிக்கடை விற்பனைப் பெண் எல்லோரும் இந்தப் பட்டியலில் வருவார்கள். கேரளம் 2018லும் தமிழ்நாடு 2021லும் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டத்தைத் திருத்தியதற்குப் பின்னால் இந்தக் கால்களின் வேதனையும் இருக்கிறது. இது பெண்களின் நோய் என்ற எண்ணமும் சரியல்ல. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் நடந்து, 1999ல் வெளியான ஆய்வில் ஆண்களில் சுமார் 40 சதவிகிதம் பேருக்கும் பெண்களில் 32 சதவிகிதம் பேருக்கும் முக்கியச் சிரைகளில் புடைப்பு இருந்தது.

இத்தனை பேருக்கும் ஆபரேஷன் தேவையா? தேவையில்லை. முடிவு செய்ய ஒரு எளிய வழி உண்டு: சிரையைவிடத் தோலைக் கவனியுங்கள்.

புடைப்பு மட்டும் இருக்கிறது, தொந்தரவு எதுவும் இல்லை என்றால் சும்மா விட்டுவிடலாம். அழகுக்காகச் சிகிச்சை செய்துகொள்வது உங்கள் விருப்பம், அவசியம் அல்ல.

கால் கனக்கிறது, வலிக்கிறது, மாலையில் வீங்குகிறது என்றால் அது சிரையால்தானா என்று முதலில் பார்க்க வேண்டும். சிரை வலி நிற்க நிற்கக் கூடும். காலை உயர்த்திப் படுத்தால் குறையும். மாடிப்படி ஏறும்போது மட்டும் முழங்கால் வலித்தால், அல்லது இரவில் பாதம் எரிந்தால், காரணம் மூட்டுத் தேய்மானமாகவோ சர்க்கரை நோயாகவோ இருக்கலாம். சிரைக்குச் சிகிச்சை செய்தும் அந்த வலி போகாது.

கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து, தடித்து, அரிப்பெடுத்தால் விஷயம் வேறு. பலர் இதைக் கரப்பான் என்று நினைத்துக் களிம்பு தடவுகிறார்கள். உள்ளே தேங்கிய ரத்தத்தின் அழுத்தம்தான் தோலைக் கெடுக்கிறது. அடுத்த கட்டம் புண். இந்த நிலையிலும், சிரை வெடித்து ரத்தம் கொட்டினாலும், சிரை கல்லாகி வலித்தாலும் தள்ளிப்போடக் கூடாது.

2004ல் பிரிட்டனில் 500 பேரிடம் நடந்த ஆய்வு ஒன்று இதைத் தெளிவாக்கியது. கட்டு மட்டும் போட்டவர்களில் 28 சதவிகிதம் பேருக்கு ஓராண்டில் புண் திரும்பி வந்தது. கட்டுடன் ஆபரேஷனும் செய்துகொண்டவர்களில் 12 சதவிகிதம்தான். புண் ஆறட்டும், பிறகு பார்க்கலாம் என்ற பழைய வழக்கத்தையும் 2018ல் வெளியான 450 பேர் ஆய்வு அசைத்துவிட்டது. சிரையை உடனே அடைத்தவர்களுக்குப் புண் ஆற 56 நாள் பிடித்தது. காத்திருந்தவர்களுக்கு 82 நாள். தினக்கூலிக்கு நிற்கிறவருக்கு இந்த 26 நாள் சாதாரணமல்ல.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் டாப்ளர் ஸ்கேன் அவசியம். நிற்க வைத்துத்தான் பார்க்க வேண்டும். படுத்த நிலையில் ரத்தம் பின்னோக்கி வழிவது சரியாகத் தெரியாது. ஆழத்தில் உள்ள பெரிய சிரைகள் திறந்திருக்கின்றனவா என்பதும் தெரிய வேண்டும். அங்கே அடைப்பு இருந்தால், மேலே புடைத்திருக்கும் சிரையே ரத்தத்துக்கு மாற்றுப் பாதையாக இருக்கலாம். அதை மூடினால் ஆபத்து.

முன்பெல்லாம் தொடை இடுக்கில் வெட்டி, சிரையை உருவி எடுப்பார்கள். இப்போது லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் அதை உள்ளுக்குள்ளேயே அடைக்கிறார்கள். மரத்துப்போகும் ஊசி போதும். பெரும்பாலும் அன்றே நடந்து வீடு திரும்பலாம். மருந்தை நுரையாக்கி ஊசி மூலம் செலுத்துவது இன்னொரு வழி. எதிலும் மீண்டும் வராது என்ற உத்தரவாதம் இல்லை. சிராய்ப்பு நிறம், சில இடங்களில் மரத்துப்போதல், அரிதாக ரத்தக்கட்டு ஆகியவை ஏற்படலாம்.

இறுக்கமான காலுறை தொல்லையைக் குறைக்கும். பழுதான வால்வைச் சரிசெய்யாது. சர்க்கரை நோயாளிகளும் புகைபிடிப்பவர்களும் தமனியில் ரத்த ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் அதை அணியக் கூடாது. கர்ப்பிணிகள் அவசரப்பட வேண்டாம். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் புடைப்பு பெருமளவு வடிந்துவிடுவது உண்டு.

கடைசியாக ஒன்று. சிரை வெடித்தால் நாற்காலியில் உட்காராதீர்கள், கயிறு கட்டாதீர்கள். உடனே படுத்து, காலை உயரத் தூக்கி, சுத்தமான துணியால் அந்த இடத்தை அழுத்திப் பிடியுங்கள். ரத்தம் நிற்கும். அதன் பிறகு டாக்டரிடம் போங்கள். அந்த ஆபரேஷனைத் தள்ளிப்போடாதீர்கள்.