முள் எப்போது ஏறுகிறது?

தக்காளி ஏற்றிய பிக்அப் பாதி மலையில் நிற்கிறது. பானட்டிலிருந்து ஆவி. பதற்றத்தில் பலரும் கைவைப்பது ரேடியேட்டர் மூடியில்தான். அதை மட்டும் செய்யவே கூடாது! அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்த நொடியில் முகத்தில் பீய்ச்சியடிக்கும். இன்ஜினை அணைத்து, அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள்.

நல்ல மெக்கானிக் ஸ்பேனரை எடுக்கும் முன், ‘எப்போ சூடாகுது?’ என்றுதான் கேட்பார். பாதி நோய் அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும். சிக்னலில் நிற்கும்போது முள் ஏறி, வண்டி ஓடியதும் இறங்கினால் ஃபேன் மீது சந்தேகம். லோடோடு மேடு ஏறும்போது மட்டும் ஏறினால், ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். கூலன்ட் காசை மிச்சம்பிடிக்க போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் அதிகம். வெந்நீர்ப் பாத்திரத்தில் படிகிற அதே வெள்ளை உப்புதான் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிகிறது. மேல் ஹோஸ் சுட, கீழ் ஹோஸ் குளிர்ந்தே இருந்தால் தெர்மோஸ்டாட்டையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. வெளியே ஒழுகல் இல்லை, ஆனால் கூலன்ட் குறைகிறது. சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை. ஆயில் பால் டீ நிறத்தில். ஹெட் கேஸ்கட் போயிருக்க வாய்ப்பு அதிகம். தண்ணீர் ஊற்றி ஊற்றி ஊர் சேர்ந்துவிடலாம் என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டே வளைந்துவிடும். கேஸ்கட்டோடு முடிய வேண்டிய செலவு, இன்ஜினையே பிரிக்கும் வேலையாகும். தக்காளியை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டு, இதைக் கட்டி இழுத்து வருவதுதான் மலிவு.