கல்லாவில் இருப்பதெல்லாம் நம் பணமா?

இரவு கடை அடைக்கும்போது கல்லாவில் ரூ.15,000 இருக்கிறது. அதில் நம் பணம் எவ்வளவு என்று கேட்டால் நம்மில் பலரால் உடனே சொல்ல முடிவதில்லை. மண்டிக்குத் தர வேண்டியதும், கடை வாடகையும், பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் ஒரே பெட்டியில் கிடக்கின்றன. ஜி.எஸ்.டி. மாதக் கணக்கு தாக்கல் செய்கிறவர்களுக்கு, அடுத்த மாதம் 20-ம் தேதி கட்ட வேண்டிய வரியும் அதற்குள்தான்.

உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். நாள் விற்பனை ரூ.15,000, மாதம் ரூ.4,50,000. லாபம் நூற்றுக்குப் பத்து என்று வைத்தால் ரூ.45,000. வாடகை, ஆள் சம்பளம், மின்சாரம், வண்டிக் கூலி ரூ.18,000 போனால் ரூ.27,000. வீட்டுச் செலவு ரூ.14,000, நகைக்கடன் வட்டி ரூ.1,500. ஜூன் மாதம் மொத்தமாகக் கட்டுகிற பள்ளிக் கட்டணத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் ரூ.4,000. மிஞ்சுவது ரூ.7,500.

அதுவும் முழுதாகக் கைக்கு வராது. கடன் நோட்டில் அந்த மாதம் பாக்கி ரூ.5,000 கூடியிருந்தால், நம் விருப்பப்படி எடுத்துச் செலவழிக்கக்கூடிய பணம் ரூ.2,500 மட்டுமே. இந்தக் கடைசிக் கழித்தலைத்தான் நாம் போடுவதே இல்லை.

இந்த நிலையில் ரூ.8,000 சீட்டில் சேருகிறவர், மாதம் ரூ.5,500-ஐ மண்டிப் பணத்திலிருந்து எடுக்கிறார் என்றுதான் அர்த்தம். சில மாதங்களில் மண்டியில் சரக்கு தர யோசிப்பார்கள். பருப்பு டப்பா காலியாகும். வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். சீட்டை எடுத்துச் சரக்குப் போடலாமே என்பார்கள். தள்ளுக் கழிவு போக வருகிற தொகையைப் பார்த்தால் அது மலிவான பணம் அல்ல. அதிக வட்டிக்கு ஆசைப்பட்டு 1990-களில் நிதி நிறுவனங்களில் போட்டவர்கள் பட்ட பாடு தெரிந்ததே. 1997-ல் தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் பாதுகாப்புக்கென்றே தனிச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது.

நம் தர்மபுரி மாவட்டத்துக் கடைகளுக்குப் புளிக் கணக்கு வேறு உண்டு. மாசி, பங்குனியில் விலை இறங்கும்போது வாங்கி அடுக்குகிறோம். நல்ல வியாபாரம்தான். ஆனால் விற்கும்வரை அந்தப் பணம் கிடங்கில் முடங்கியிருக்கும். அதைக் காட்டி வீட்டுக்கு வண்டி வாங்க முடியாது.

கடையிலிருந்து நமக்கு மாதச் சம்பளம் ஒன்றை நிர்ணயித்து, முதல் தேதியில் வீட்டுக் கணக்கில் போடுவதே சரி என்பது நம் கருத்து. கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டைப் பணம் வீட்டுக் கணக்கில் விழுகிறதா என்று முதலில் பாருங்கள். பல கடைகளில் அப்படித்தான் இருக்கிறது. சம்பளம் எவ்வளவு என்பதை வீட்டம்மாவுடன் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். பால் கணக்கும் மருந்துச் செலவும் அவருக்குத்தான் தெரியும்.